புது லெதர் ஜாக்கெட் முரண்டு பிடிக்குதா? 70 வளைவுக்கு முன்னாடி பழக்குங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது. திரும்பத் திரும்ப வந்த இடங்கள் மட்டும் சுருக்கப்பட்டுள்ளன.)

இந்த வாரம் ஒரே ஒரு வாய்ஸ் நோட்டை வெச்சுதான் முழு எபிசோடும். அனுப்பினவர் காளப்பநாயக்கன்பட்டிக்காரர். நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம் வழியா கொல்லிமலைக்கு வண்டி ஓட்டினவங்களுக்கு அந்த ஊரைத் தெரியும். அதைத் தாண்டினா காரவல்லி அடிவாரம், அங்க இருந்து மேல 70 கொண்டை ஊசி வளைவு. தம்பி சீட்டுப் பணம் எடுத்து, நல்ல தடிமனான மாட்டுத்தோல் ரைடிங் ஜாக்கெட் ஒண்ணு வாங்கியிருக்கார். அவர் சொன்னது இது: "அண்ணா, போட்டா ரோபோ மாதிரி இருக்கு. கையை மடக்கவே முடியல. ஒருத்தர் வெந்நீர்ல ஊற வைங்கறார். இன்னொருத்தர் தேங்காய் எண்ணெய் தடவி வெயில்ல போடுங்கறார். ஞாயித்துக்கிழமை மலை ஏறணும். எதைப் பண்ணட்டும்?"

தம்பி, ரெண்டும் வேண்டாம். இந்த ஞாயித்துக்கிழமை மலைக்கு அந்த ஜாக்கெட்டும் வேண்டாம். பழைய மெஷ் ஜாக்கெட் இருந்தா அதைப் போட்டுட்டுப் போங்க. இல்லன்னா பயணத்தை ரெண்டு மூணு வாரம் தள்ளி வைங்க, மலை எங்கேயும் போயிடாது. ஏன் இப்படிச் சொல்றேன்னு விளக்குறேன்.

முதல்ல அந்த வளைவுகளையே எடுத்துக்குவோம். கொண்டை ஊசி வளைவுல நாம வேகமா போறதில்ல. முதல் கியர், ரெண்டாவது கியர், ஹேண்டிலைக் கிட்டத்தட்ட முழுசா ஒடிக்கிறோம். இடது பக்க வளைவுல ஹேண்டில் இடது பக்கம் திரும்பும்போது உங்க வலது கைப்பிடி உடம்பை விட்டு முன்னாடி தள்ளிப் போகும். கையை நீட்டணும். அந்த நேரத்துல தோள்பட்டையும் முழங்கையும் விறைச்ச தோலுக்குள்ள மாட்டிக்கிட்டா, ஸ்லீவ் உங்க கையைப் பின்னாடி இழுக்கும். அந்தக் கையிலதான் த்ராட்டில் இருக்கு. மணிக்கட்டு கொஞ்சம் திருகினாலும் போதும், வண்டி வளைவு நடுவுல எகிறும், இல்லன்னா த்ராட்டில் மூடிக்கிட்டு ஆஃப் ஆகும். மேல இருந்து ஒரு பஸ் முழு ரோட்டையும் எடுத்துக்கிட்டு இறங்குற நேரத்துல இது நடந்தா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. ஏறுற வண்டிக்குத்தான் வழி விடணும்னு விதி இருக்கு, ஆனா பஸ்ஸுக்குத் திரும்ப வேற இடம் கிடையாது. நீங்கதான் நின்னு கால் ஊனணும்.

கழுத்தும் அப்படித்தான். வளைவுல முன் சக்கரத்தைப் பார்க்கக்கூடாது, வளைவோட முடிவைப் பார்க்கணும். அதுக்குத் தலையைத் தோள் வரைக்கும் திருப்பணும். அட்டை மாதிரி நிக்குற காலர் அதைத் தடுக்கும். ஒரு தடவை தடுத்தா சமாளிக்கலாம். 70 தடவை தடுத்தா, பாதி வழியிலேயே நீங்க பார்க்குறதை விட்டுடுவீங்க.

அதனால இது அழகு பத்தின விஷயம் இல்ல. ஜாக்கெட் உங்களைக் காப்பாத்தணும்னா முதல்ல அது உங்க கூட மடங்கணும்.

விறைப்பா, அளவு தப்பா?

பழக்கறதுக்கு முன்னாடி ஒண்ணைப் பார்த்துடுங்க. விறைப்பு சரியாகும். தப்பான அளவு சரியாகாது. நிறைய பேர் இதைக் குழப்பிக்கிறாங்க.

வண்டியை சென்டர் ஸ்டாண்டு போடுங்க. ஜாக்கெட் போட்டு, ஜிப் முழுசா ஏத்தி, ஏறி உக்காந்து ஹேண்டிலைப் பிடிங்க. நின்னுக்கிட்டு கண்ணாடியில பார்க்குறது உதவாது. ரைடிங் ஜாக்கெட்டை வெட்டித் தைக்கிறதே உக்காந்திருக்கிற உடம்புக்குத்தான். நின்னா முன்பக்கம் தூக்கிக்கிட்டு நிக்கும், ஸ்லீவ் நீளமா தெரியும், அது குறை இல்ல. உக்காந்த நிலையில ஸ்லீவ் மணிக்கட்டு எலும்பை மூடணும். கொஞ்சம் நீளமா இருந்தாகூட நல்லது, ஏன்னா முழங்கையில மடிப்பு விழ விழ ஸ்லீவ் கொஞ்சம் மேல ஏறும். முழங்கை பேடு சரியா முழங்கை எலும்பு மேல உக்காரணும். இன்னொரு கையால அந்த பேடைப் பிடிச்சு சுத்திப் பாருங்க. சுலபமா பக்கவாட்டுல நழுவினா ஜாக்கெட் பெருசு. விழும்போதும் அது அப்படித்தான் நழுவும், எலும்பு தனியா தரையைத் தொடும். மூச்சை முழுசா இழுங்க. நெஞ்சு முட்டலாம். மூச்சு முட்டினா சின்னது.

தோல் அகலத்துல கொஞ்சம் இளகும், நீளத்துல வளராது. "போகப் போக சரியாயிடும்"னு கடைக்காரர் சொல்றது தோள் அகலத்துக்குப் பாதி உண்மை, ஸ்லீவ் நீளத்துக்கு முழுப் பொய்.

அது தோல்தானான்னும் பார்த்துடுங்க. ரெக்சினோ பி.யூ.வோ இருந்தா நான் இனிமே சொல்றது எதுவும் பொருந்தாது. அது பழகாது, கொஞ்ச வருஷத்துல செதில் செதிலா உரியும். பாக்கெட் உள்பக்கமோ, தையல் ஓரமோ வெட்டின விளிம்பு தெரியும் இடத்தைப் பாருங்க. தோல்னா நார் நாரா, பஞ்சு மாதிரி இருக்கும். துணி மேல பிளாஸ்டிக் பூசினதுன்னா நெசவு தெரியும். தீக்குச்சி வெச்சுப் பார்க்குற பரிசோதனை எல்லாம் வேண்டாம்.

புதுத் தோல் ஏன் விறைக்குது?

தோலுக்குள்ள இருக்கிறது கொலாஜன் நார். ஒரு திசையில நெசவு கிடையாது, கயித்துக் கட்டு மாதிரி ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னிக் கிடக்கும். விழுந்து ரோட்டுல தேய்ஞ்சா அது சட்டுன்னு கிழியாம இருக்கிறது இந்தப் பின்னலாலதான். இந்த நார்கள் ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கினா தோல் மெத்துன்னு இருக்கும். ஒட்டிக்கிட்டா விறைக்கும். எல்லா விஷயமும் இந்த ஒரு இடத்துலதான்.

பச்சைத் தோலைப் பதனிடறதுக்கு ரெண்டு முக்கிய வழி. ஒண்ணு மரப்பட்டை, காய் வழி. நம்ம ஊர்ல ஆவாரம் பட்டை, கடுக்காய். திண்டுக்கல், ஈரோடு, திருச்சிப் பக்கம் இந்த முறையில பதனிட்ட தோலுக்கு 'ஈஸ்ட் இண்டியா லெதர்'னு உலகச் சந்தையில பேரே உண்டு, புவிசார் குறியீடும் வாங்கியிருக்கு. ரெண்டாவது குரோமியம் உப்பு வழி. இன்னிக்கு ஜாக்கெட் தோல் பெரும்பாலும் இதுதான். சென்னை குரோம்பேட்டைக்கு அந்தப் பேர் வந்ததே அங்க இருந்த குரோம் தோல் தொழிற்சாலையாலதான். இங்க ஒரு சுவாரசியமான விஷயம். 1900-களோட தொடக்கத்துல சென்னையில ஆல்பிரட் சாட்டர்டன் குரோம் முறையைக் கொண்டு வந்தப்போ, அவர் மனசுல இருந்த பயன்பாடுகள்ல ஒண்ணு கவலை. மனக்கவலை இல்லங்க, கிணத்துல மாடு கட்டித் தண்ணி இறைக்கிற கவலை. அதுல தோல் எந்நேரமும் தண்ணியில நனையும், காயும், நனையும். பட்டையில பதனிட்ட தோல் அதுல சீக்கிரம் போயிடும், குரோம் தோல் தாங்கும். உங்க ஜாக்கெட்டும் ஐப்பசி மழையைத் தாங்குதுன்னா அது அந்தக் கிணத்து வேலையோட சொந்தக்காரன்.

பதனிட்டதும் ஜாக்கெட் ஆயிடாது. அதுக்கப்புறம் எண்ணெய்ச் சத்தை நார்களுக்குள்ள ஏத்துவாங்க, நார் ஒட்டிக்காம இருக்க. காய்ஞ்ச தோலை மெஷின்ல தட்டி, இழுத்து, பீப்பாய்ல போட்டு உருட்டுவாங்க. அதாவது பழக்குற வேலையை ஃபேக்டரியே ஓரளவு செஞ்சுதான் அனுப்புது. ஆட்டுத்தோல் ஃபேஷன் ஜாக்கெட் கடையிலேயே வெண்ணெய் மாதிரி இருக்கிறதுக்குக் காரணம் அது மெல்லிசு, நிறைய உருட்டப்பட்டது. ரைடிங் ஜாக்கெட்டோட மாட்டுத்தோல் அல்லது எருமைத்தோல் சுமார் 1.1 முதல் 1.4 மில்லிமீட்டர் தடிமன் வரும். மேல பூச்சும் கெட்டியா இருக்கும். அதை ரொம்ப உருட்டினா நார் தளர்ந்து போகும்னு வேணும்னே கொஞ்சம் விறைப்பா விடுவாங்க. மீதி வேலை உங்களுது.

ஆக, அந்த விறைப்புக்குத்தான் நீங்க காசு கொடுத்திருக்கீங்க. அதை ஒரே நாள்ல கொல்ற எந்த வைத்தியமும் நாரையும் சேர்த்துத்தான் கொல்லும்.

வெந்நீர், வெயில், தேங்காய் எண்ணெய்

பறை அடிக்கிறவங்களைப் பார்த்திருப்பீங்க. அடிக்கிறதுக்கு முன்னாடி வைக்கோலைக் கொளுத்தி அதுல காய்ச்சுவாங்க. எதுக்கு? தோல்ல இருக்கிற ஈரம் போய், இறுகி, கணீர்னு சத்தம் வரணும். பறைத்தோல் வேற, ஜாக்கெட் தோல் வேற, அது பதனிடாத தோல். ஆனா திசை ஒண்ணுதான். சூடு தோலை இறுக்கும், இளக்காது. மொட்டை மாடி வெயில்ல கறுப்பு ஜாக்கெட்டைக் காயப்போட்டா அதுல இருக்கிற கொஞ்சநஞ்ச ஈரமும் போய், எண்ணெய்ச் சத்தும் வெளிய வந்து, சாயங்காலம் எடுக்கும்போது அப்பளம் மாதிரி இருக்கும்.

வெந்நீர் இன்னும் மோசம். ஈரமான தோல் ஒரு அளவு சூட்டுக்கு மேல போனா சட்டுன்னு சுருங்கும், அப்புறம் திரும்பாது. பச்சைத் தோல் 60 டிகிரி சொச்சத்துல சுருங்கும், பட்டையில பதனிட்டது 75 முதல் 85 டிகிரியில, நல்ல குரோம் தோல் 100 டிகிரி வரைக்கும் தாங்கும். "அப்போ குரோம் தோலுக்கு வெந்நீர் ஊத்தலாமே"ன்னு கேக்காதீங்க. உள்ள இருக்கிற லைனிங் துணி, தையல் நூல், பசை, சாயம் இதெல்லாம் தாங்குமா? முழுசா நனைச்சு உடம்புலேயே காய விடுற பழக்கம் வெளிநாட்டுல சிலரிடம் உண்டு. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். முழங்கை உள்மடிப்புல மட்டும் வெதுவெதுப்பான தண்ணியை லேசா ஸ்ப்ரே பண்ணி, போட்டுக்கிட்டே காய விடுறது வரைக்கும் சரி. அதுவும் உள்பக்கம் ஒரு மூலையில துளி விட்டுக் கறை படுதான்னு பார்த்துட்டு.

இப்போ தேங்காய் எண்ணெய். இதைச் சொன்னா வீட்டுல பெரியவங்க கோவிச்சுக்குவாங்க, ஏன்னா செருப்புக்கு விளக்கெண்ணெய் போட்டுப் பழக்கின தலைமுறை அது. புதுச் செருப்பு கடிக்கும்னு சொல்லிக்கிட்டே ராத்திரி விளக்கெண்ணெய் தடவி வைப்பாங்க. பட்டையில பதனிட்ட, பூச்சு இல்லாத கெட்டிச் செருப்புத் தோலுக்கு அது ஒத்துவந்தது. உங்க ஜாக்கெட் அது இல்ல. தேங்காய் எண்ணெய் பூச்சு வழியா இறங்காது, தையல் ஓட்டை வழியா இறங்கும். அங்கதான் திட்டுத் திட்டாக் கறுக்கும், தூசி ஒட்டும், லைனிங் நாறும். இன்னொண்ணு, மார்கழியில பாட்டில்ல எண்ணெய் உறையுது இல்லையா? சுமார் 24 டிகிரிக்குக் கீழ போனா உறையும். கொல்லிமலை மேல காலையில அதுக்கும் கீழ போகும். அப்போ தோலுக்குள்ள இருக்கிற எண்ணெய் மட்டும் என்ன பண்ணும்? கீழ மெத்துன்னு இருந்த ஜாக்கெட் மேல போனதும் திரும்ப விறைக்கும்.

எண்ணெய் அதிகமானா இன்னொரு ஆபத்து, இதை யாரும் சொல்றதில்ல. தோல் ரொம்ப இளகினா தையல் ஓட்டைகள் பெருசாகும். விபத்துல ஜாக்கெட் தோத்துப் போறது பல நேரம் தோல் தேய்ஞ்சு இல்ல, தையல் பிரிஞ்சு. ஷூ பாலிஷும் வேண்டாம். அது மெழுகு, மினுமினுப்புக்கு. சட்டைக் காலர்தான் கறுப்பாகும்.

சரி, எப்படிப் பழக்குறது

போட்டுத்தான். வேற வழி இல்ல, இதைவிட நல்ல வழியும் இல்ல. உடம்புச் சூடு, உடம்பு ஈரம், அசைவு மூணும் சேர்ந்தாத்தான் நார்கள் உங்க மூட்டு எங்க மடங்குதோ அங்க வழுக்கக் கத்துக்கும்.

நாமக்கல் வெயில்ல வீட்டுல லெதர் ஜாக்கெட் போட்டு உக்காந்தா அம்மா வந்து நெத்தியைத் தொட்டு "காய்ச்சலாப்பா?"ன்னு கேப்பாங்க. விடியக்காலை போடுங்க, இல்லன்னா ராத்திரி ஃபேன் கீழ. தினம் அரை மணி நேரம் போதும். பேடுகளைக் கழட்டாதீங்க, தோல் அந்த பேடைச் சுத்தித்தான் வடிவம் எடுக்கணும். ஜிப்பை முழுசா ஏத்துங்க. நேரா உக்காந்து டி.வி. பாக்குறதுல பிரயோஜனம் குறைவு. ஒரு ஸ்டூல்ல உக்காந்து ஹேண்டில் பிடிக்கிற மாதிரி கையை நீட்டுங்க, மடக்குங்க. ரெண்டு கையாலயும் உங்களை நீங்களே கட்டிப் பிடிங்க, முதுகு பக்கம் இழுபடும். தலையை ரெண்டு தோள் பக்கமும் திருப்புங்க. தப்பான நிலையில பழக்கினா தப்பான இடத்துல மடிப்பு விழும், அப்புறம் அது மாறாது.

கழட்டி வெச்ச நேரத்துல கையாலயும் வேலை செய்யலாம். ஸ்லீவை முழங்கை இடத்துல முன்னும் பின்னும் மடக்கி, கட்டைவிரலால பிசையுங்க. காலரை உள்ளேயும் வெளியேயும் சுருட்டி விடுங்க. அக்குள் பக்கமும் அப்படித்தான். துணி பிழியுற மாதிரி முறுக்காதீங்க, மேல்பூச்சு வெடிக்கும்.

ரெண்டு வாரம் ஆனதும் லெதர் கண்டிஷனர். ஜாக்கெட் முழுக்க வேண்டாம், மடிப்பு விழுற இடங்களுக்கு மட்டும். பத்து ரூபாய் நாணயம் அளவு ஒரு ஸ்லீவுக்குப் போதும். பழைய பனியன் துணியால மெல்லிசாத் தேய்ச்சு, ராத்திரி நிழல்ல விட்டு, காலையில துடைங்க. இன்னும் வறட்சியாத் தெரிஞ்சா ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவை. அப்புறம் வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு முறை. ஜிப் இறுக்கமா இருந்தா அதுக்கு எண்ணெய் விடாதீங்க, மெழுகுவர்த்தியைப் பல்லு மேல தேய்ங்க. காலர் கழுத்தை அறுத்தா, இளகுற வரைக்கும் ஒரு காட்டன் கைக்குட்டை கட்டிக்கோங்க.

மூணாவது வாரம் வண்டி. காளப்பநாயக்கன்பட்டியில இருந்து சேந்தமங்கலம் வரைக்கும் சமதள ரோடு, விடியற்காலையில காத்தோட்டமா போயிட்டு வாங்க. அப்புறம் ஏதாவது காலி மைதானத்துல முழு ஹேண்டில் ஒடிச்சு எட்டு போடுங்க, ரெண்டு பக்கமும். ஸ்லீவ் உங்க மணிக்கட்டை இழுக்குதா, த்ராட்டில் தானா திரும்புதான்னு அங்கயே தெரிஞ்சுடும். இழுக்கலன்னா மலைக்குத் தயார். அப்பவும் முதல் தடவை பத்து வளைவு ஏறி ஓரமா நிறுத்தி, எங்க உறுத்துதுன்னு பார்த்துட்டு மேல போங்க. இறங்கும்போது உடம்பு எடை கை மேல வரும், தோள் பக்கம் அப்பத்தான் இன்னும் நல்லா இளகும். தடிமனான மாட்டுத்தோல் முழுசா "உங்களோடது" ஆக சில மாசம் ஆகும். அது பரவால்ல. முதல் மூணு வாரத்துல நமக்கு வேண்டியது கை சுதந்திரமா அசையறது மட்டும்தான்.

மேல போயிட்டு வந்த அன்னிக்கு ஜாக்கெட் உள்ள வேர்வையில ஊறியிருக்கும். அப்படியே சுருட்டிப் பையில போட்டுடாதீங்க. வேர்வை உப்பு தோலைத் திரும்ப விறைக்க வெச்சுடும். ஈரத்துணியால லைனிங்கைத் துடைச்சு, அகலமான ஹேங்கர்ல நிழல்ல தொங்க விடுங்க. மழையில நனைஞ்சாலும் அதே கதைதான், ஹேர் டிரையர் கிட்டயே கொண்டு போகாதீங்க. ஐப்பசி, கார்த்திகையில பிளாஸ்டிக் கவர் போட்டு பீரோவுல பூட்டினீங்கன்னா வெள்ளையா பூஞ்சை பூக்கும். பழைய வேட்டித் துணி போர்த்தினா போதும், காத்து போகும்.

தம்பி கடைசியா இன்னொண்ணு கேட்டிருந்தார். "இவ்வளவு கஷ்டம்னா, யாராவது ஏற்கனவே பழக்கின பழைய ஜாக்கெட்டை வாங்கியிருக்கலாமோ?" வாங்கலாம், உடம்பு அளவு ஒத்துப்போனா. ஆனா மடிப்பு அவரோட முழங்கையில விழுந்திருக்கும், உங்களோடதுல இல்ல. வாங்குறதுக்கு முன்னாடி உள்பக்கம் திருப்பித் தையல் எல்லாத்தையும் விரலால இழுத்துப் பாருங்க, பேடுகளை வெளிய எடுத்து வெடிப்பு இருக்கான்னு பாருங்க, முழங்கை, தோள், முதுகுல ரோட்டுல உரசின தடம் தெரியுதான்னு வெளிச்சத்துல பாருங்க. ஒரு தடவை விழுந்த ஜாக்கெட்னா விலை எவ்வளவு குறைஞ்சாலும் விட்டுடுங்க.

அடுத்த வாரம் ரைடிங் கிளவுஸ். உங்க கேள்விகளை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, ஒரு நிமிஷத்துக்குள்ள இருந்தா நல்லது.